ஜெயிக்கிற பயிற்சியாளரை அனுப்புவதா, வைத்துக்கொள்வதா?

2025 ஜனவரியில் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி தேசிய பிளேஆஃபின், அதாவது தேசியப் பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகளின், அரையிறுதியில் ஆடியது. அந்த ஆண்டின் புதிய சீசனை நாட்டின் இரண்டாம் இடத்தில் இருந்து தொடங்கியது. அக்டோபர் 12 அன்று அதன் தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் நீக்கப்பட்டார். இடையில் நடந்தது அடுத்தடுத்து மூன்று தோல்விகள். ஓரிகனிடம் இரண்டு கூடுதல் நேரம் வரை போராடித் தோற்றார்கள். அடுத்த வாரம், அதுவரை ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத யுசிஎல்ஏவிடம் தோற்றார்கள். அப்புறம் சொந்த மைதானத்தில் நார்த்வெஸ்டர்னிடம் ஒரே புள்ளியில். 12 சீசன்களில் 104 வெற்றி, 45 தோல்வி என்ற கணக்கோடு அவர் வெளியேறினார். ஒப்பந்தப்படி அவருக்குச் சேரவேண்டிய பாக்கி சுமார் 4.9 கோடி டாலர்.

இது அமெரிக்கப் பாணி ஃபுட்பால், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். சீசனுக்குப் பன்னிரண்டே ஆட்டங்கள் என்பதால் ஒரு தோல்விக்கே எடை அதிகம். பயிற்சியாளரின் தலைவிதியை முடிவு செய்பவர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர். வருடம் முழுக்கத் தோற்பவரை அனுப்புவதில் யாருக்கும் குழப்பம் இல்லை. வருடா வருடம் எட்டு, ஒன்பது ஆட்டங்களை ஜெயித்துவிட்டுப் பெரிய ஆட்டத்தில் மட்டும் சறுக்குகிறவரை என்ன செய்வது? ஃபிராங்க்ளின் அந்த வகை. முதல் பத்து இடங்களில் இருந்த அணிகளோடு மோதியபோது அவர் ஜெயித்தது 4, தோற்றது 21.

இயக்குநருக்கு மூன்று வழிகள் உண்டு. ஆளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆளை வைத்துக்கொண்டு சம்பளத்தையும் உதவிப் பயிற்சியாளர்களையும் மாற்றலாம். இல்லையென்றால் பாக்கியைக் கட்டி அனுப்பிவிடலாம். மூன்றாவதைத்தான் இப்போது எல்லோரும் முதலில் எடுக்கிறார்கள். நடந்த கதைகளை வரிசையாகப் பார்த்தால், அதைக் கடைசியாக எடுப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

அந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பணத்தைத்தான் பார்க்க வேண்டும். 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரி ஆட்டங்களின் டிவி உரிமையை, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான என்சிஏஏ தன் கையிலேயே வைத்திருந்ததைத் தவறு என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து பல்கலைக்கழகங்களும், தங்களுக்குள் மோத அவை சேர்ந்து அமைத்த கூட்டமைப்புகளும் தாங்களே உரிமையை விற்கின்றன. பிக் டென் கூட்டமைப்பு 2022இல் ஏழு ஆண்டுகளுக்குப் போட்ட ஒப்பந்தங்களின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க நெடுங்காலம் அனுமதி இல்லை. அதனால் வந்த பணம் கட்டடங்களிலும் பயிற்சியாளர் சம்பளத்திலும் போய்ச் சேர்ந்தது. பெரும்பாலான மாநிலங்களில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் ஒரு ஃபுட்பால் அல்லது பாஸ்கெட்பால் பயிற்சியாளர்தான்.

2024இல் பிளேஆஃபில் இடம் நான்கிலிருந்து பன்னிரண்டாக உயர்ந்தது. இடம் கூடினால் பொறுமையும் கூடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. நடந்தது தலைகீழ். முன்பெல்லாம் நாலு அணிக்குள் வராததை யாரும் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. பன்னிரண்டுக்குள்ளும் வரவில்லை என்றால் நன்கொடையாளர் காரணம் கேட்கிறார். வரலாறு முழுக்கத் தோற்றுக்கொண்டிருந்த இண்டியானா பல்கலைக்கழகம் 2024இல் புதுப் பயிற்சியாளரோடு 11 ஆட்டங்கள் ஜெயித்து பிளேஆஃபுக்குள் நுழைந்த பிறகு, “அவர்களால் முடியும்போது நம்மால் ஏன் முடியாது” என்ற கேள்விக்கு எந்த இயக்குநராலும் பதில் சொல்ல முடியவில்லை.

சரி, அனுப்பிவிட்டால் என்ன கிடைக்கும்? இந்த வழிக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைக் காட்டுவார்கள். காட்டத் தகுந்த உதாரணம்தான். மார்க் ரிக்ட் அங்கே 15 சீசன்களில் 145 ஆட்டங்கள் ஜெயித்தவர், நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். 1980க்குப் பிறகு வராத தேசியப் பட்டம் அவர் காலத்திலும் வரவில்லை. 2015இல் 9 வெற்றி, 3 தோல்வியோடு வழக்கமான சீசன் முடிந்ததும் அவரை அனுப்பினார்கள். வந்தவர் கர்பி ஸ்மார்ட். இரண்டாவது சீசனிலேயே இறுதி ஆட்டம் வரை போனார். 2021, 2022 இரண்டு சீசன்களிலும் பட்டம் வென்றார்.

ஆனால் ஜார்ஜியாவின் கையில் அன்று என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். ஸ்மார்ட் அதே பல்கலைக்கழகத்தில் ஆடியவர், அலபாமாவின் தடுப்பாட்டத்தைப் பல வருடங்கள் நடத்தியவர், வேறொரு பல்கலைக்கழகமும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. யாரைக் கொண்டுவரப் போகிறோம் என்று தெரிந்து எடுத்த முடிவு அது. அதைவிட முக்கியமானது ஊர். ஜார்ஜியா மாநிலத்தின் பள்ளிகளில் இருந்து வருடா வருடம் முதல்தர வீரர்கள் ஏராளமாக வருகிறார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அங்கே சட்டி நிறைய இருந்தது.

நெப்ராஸ்காவில் அப்படி இல்லை. ஜனத்தொகை குறைந்த, பரந்த விவசாய மாநிலம். நல்ல வீரர்களில் பெரும்பகுதியினரை வெளியிலிருந்துதான் கூட்டிவர வேண்டும். 2003இல் ஃபிராங்க் சோலிக் 9 வெற்றி, 3 தோல்வியோடு சீசனை முடித்ததும் நீக்கப்பட்டார். ஆறு சீசன்களில் அவர் கணக்கு 58 வெற்றி, 19 தோல்வி. அணி நடுத்தர நிலைக்கு இறங்குவதை அனுமதிக்க மாட்டேன் என்று அன்றைய இயக்குநர் காரணம் சொன்னார். அடுத்த வருடமே 5 வெற்றி, 6 தோல்வி. 1961க்குப் பிறகு வந்த முதல் தோல்வி சீசன். 2007இல் அந்த இயக்குநரும் போனார், அவர் கொண்டுவந்த பயிற்சியாளரும் போனார். பிறகு வந்த போ பெலினி ஏழு சீசன்கள் இருந்தார். ஒவ்வொன்றிலும் ஒன்பதுக்குக் குறையாமல் ஜெயித்தார். 2014இல் அவரையும் அதே 9 வெற்றி, 3 தோல்வியோடு அனுப்பினார்கள். அவர் ரசிகர்களோடும் நிர்வாகத்தோடும் மோதியவர், அதனால் முதல் முடிவைவிட இதற்குக் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஆனாலும் அதன்பின் வந்த மைக் ரைலி 19 வெற்றி, 19 தோல்வி. ஸ்காட் ஃபிராஸ்ட் 16 வெற்றி, 31 தோல்வி. பொதுவாக ஆறு ஆட்டங்கள் ஜெயித்தாலே சீசன் முடிவில் பௌல் என்ற கூடுதல் ஆட்டம் கிடைக்கும்; 2017 முதல் 2023 வரை அதற்குக்கூட நெப்ராஸ்கா தகுதி பெறவில்லை. 1962இலிருந்து ஓர் இருக்கைகூட மீதமில்லாமல் டிக்கெட் விற்கும் ஊர் அது. அந்த ரசிகர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒன்பது வெற்றி போதாது என்று சொன்ன இடம், ஆறு வெற்றிக்காக ஏழு வருடம் காத்திருந்தது.

இன்னொரு கதை அதிகம் பேசப்படுவதில்லை; எனக்கு அதுதான் மிக முக்கியமானது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஃப்ரீட்ஜன் பத்து சீசன்கள் பயிற்சியாளராக இருந்தார். அங்கேயே படித்து, அங்கேயே ஆடியவர். 2010இல் அணி நன்றாக ஆடியது. ஏசிசி கூட்டமைப்பின் அந்த ஆண்டுக்கான சிறந்த பயிற்சியாளராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே டிசம்பரில் அவரை நீக்கினார்கள். அவருக்குப் பிறகு பொறுப்பேற்பார் என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்த உதவிப் பயிற்சியாளர், வேறு வேலை கிடைத்து வாண்டர்பில்ட்டுக்குப் போய்விட்டார். அந்த உதவிப் பயிற்சியாளர்தான் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின். வாரிசும் இல்லை, ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் மிச்சம், மைதானத்தில் இருக்கைகள் நிறையவில்லை. நிர்வாகம் 20 லட்சம் டாலரைக் கொடுத்து ஃப்ரீட்ஜனை அனுப்பிவிட்டு ராண்டி எட்சாலைக் கொண்டுவந்தது.

2011இல் எட்சாலின் முதல் சீசன் 2 வெற்றி, 10 தோல்வி. காலி இருக்கைகளை நிரப்பத்தான் இந்த மாற்றமே. தோற்கும் அணியைப் பார்க்கக் கூட்டம் எப்படி வரும்? 2012 கோடையில் மேரிலாந்து ஏழு விளையாட்டு அணிகளைக் கலைத்தது. ஆண்கள் நீச்சல், பெண்கள் நீச்சல், ஆண்கள் டென்னிஸ், பெண்கள் வாட்டர்போலோ எல்லாம் அதில் அடக்கம். இதற்குப் பயிற்சியாளரை மாற்றியது மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஸ்டேடியத்தை விரிவாக்கிச் சொகுசு அறைகள் கட்டிய கடன் இருந்தது, பல வருடப் பற்றாக்குறையும் இருந்தது. ஆனால் ஃபுட்பாலில் விழும் அடி யார் தலையில் இறங்கும் என்பதை அந்தக் கோடை தெளிவாகக் காட்டியது. அதிகாலையில் குளத்தில் இறங்கிப் பயிற்சி செய்த மாணவர்களுக்கு, அவர்கள் பங்கே இல்லாத ஒரு முடிவினால் அணி இல்லாமல் போனது. எட்சால் 22 வெற்றி, 34 தோல்வியோடு 2015இல் நீக்கப்பட்டார்.

ஒன்றிரண்டு கதைகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்கலாம். ஸ்காட் அட்லர் உள்ளிட்ட மூன்று அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் 1997 முதல் 2010 வரையிலான கல்லூரி ஃபுட்பால் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியாளரை மாற்றிய அணிகளை, அதே நிலையில் இருந்தும் மாற்றாத அணிகளோடு ஒப்பிட்டார்கள். மிக மோசமாக ஆடிக்கொண்டிருந்த அணிகளுக்கு மாற்றத்தால் பெரிய பலன் எதுவும் இல்லை. நடுத்தரமாக ஆடிக்கொண்டிருந்தவை, மாற்றிய பிறகு, மாற்றாதவற்றைவிட மோசமாக ஆடின. ஜார்ஜியா போன்றவை விதிவிலக்கு.

ஆபர்ன் பல்கலைக்கழகத்தையும் சொல்லிவிடுகிறேன். கஸ் மல்ஸான் எட்டு சீசன்களில் ஒருமுறைகூடத் தோல்விக் கணக்கில் முடித்ததில்லை. பல தேசியப் பட்டங்கள் வென்ற பயிற்சியாளர் நிக் சேபனின் அலபாமாவையே மூன்று முறை வீழ்த்தியவர். 2020இல் 2.145 கோடி டாலர் பாக்கியோடு அவரை அனுப்பினார்கள். அதன்பின் வந்த இருவரையும் அதேபோல் பணம் கொடுத்தே அனுப்ப வேண்டியிருந்தது; மூன்று பேருக்குமாகச் சுமார் 5 கோடி டாலர். மல்ஸானுக்குப் பிறகு ஐந்து சீசன்கள், ஐந்திலும் வெற்றியைவிடத் தோல்வி அதிகம்.

இதற்கெல்லாம் ஆகும் செலவைப் பைஅவுட் என்கிறார்கள், அதாவது ஒப்பந்தத்தை முறித்தால் மிச்ச காலத்துக்குக் கொடுக்க வேண்டிய தொகை. இதில் உச்சம் தொட்டது டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம். 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை அனுப்ப ஒப்புக்கொண்ட தொகை சுமார் 7.6 கோடி டாலர், அன்றைய மதிப்பில் 600 கோடி ரூபாய்க்கு மேல். அவர் கணக்கு 45 வெற்றி, 25 தோல்வி. முதல் 60 நாளில் சுமார் 1.9 கோடி, அப்புறம் 2031 வரை ஆண்டுக்கு சுமார் 72 லட்சம். அவர் வேறு எங்காவது வேலைக்குப் போனாலும் இதில் ஒரு டாலர் குறையாது.

ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்கத் தேவைப்பட்டது 60 லட்சம் டாலர். அதைச் சேர்க்க உலகம் முழுக்கத் தமிழர்கள் பாடுபட்டார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. பள்ளிப் பிள்ளைகள்கூடக் கொடுத்தார்கள். 2018இல் இலக்கை எட்டியபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். ஒரு மொழிக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் என்றென்றைக்குமாக இடம் கிடைக்கப் போதுமான பணம் அது. ஃபிஷர் பயிற்சி கொடுக்காமல் இருப்பதற்குக் கொடுத்த தொகையில் அப்படிப் பன்னிரண்டு இருக்கைகள் அமைத்திருக்கலாம்.

இது வரிப்பணம் இல்லை, நன்கொடையும் டிக்கெட்டும் டிவி வருமானமும்தான் என்று துறைகள் விளக்கம் சொல்லும். பெரிய இடங்களில் அது பெரும்பாலும் உண்மைதான். சிறிய பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் கட்டும் கட்டணம்தான் விளையாட்டுத் துறையையே தாங்குகிறது. ஆனால் நன்கொடையாளரின் பையும் அடியில்லாத பை இல்லை. அதோடு, 2025 ஜூனில், வீரர்கள் என்சிஏஏ மேல் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றபின், வீரர்களுக்கே நேரடியாகப் பணம் தரலாம் என்றானது. 2025–26இல் ஒரு பல்கலைக்கழகம் அதிகபட்சம் சுமார் 2.05 கோடி டாலர் தரலாம். இப்போது ஒரு பைஅவுட் என்பது அந்த இரண்டு, மூன்று வருட வீரர் பங்குக்குச் சமம். எல்எஸ்யு எனப்படும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2025 அக்டோபரில் பிரையன் கெல்லியை, 34 வெற்றி 14 தோல்விக் கணக்கோடு இருந்தவரை, நீக்கியது. அவருக்கான பாக்கி சுமார் 5.4 கோடி. லூசியானா ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரியே வெளிப்படையாகக் கண்டித்தார். சில நாளில் இயக்குநர் ஸ்காட் வுட்வர்டும் வெளியேறினார். 2017இல் டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு ஃபிஷரைக் கொண்டுவந்த அதே வுட்வர்ட்தான் அவர்.

இனி, வைத்துக்கொண்டவர்களைப் பார்ப்போம். ஒஹையோ ஸ்டேட்டில் ரயன் டே 2024 நவம்பரில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றார், தொடர்ந்து நான்காவது முறையாக. அந்த ஊரில் மிச்சிகனிடம் தோற்பதற்கு மன்னிப்பு கிடையாது. நீக்கச் சொல்லிக் கூச்சல் பலமாக இருந்தது. நிர்வாகம் அசையவில்லை. ஏழே வாரங்களில் அவர் தேசியப் பட்டத்தோடு நின்றார். இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லா வீரர்களும் கையில் இருக்கும்போது ஓர் ஆட்டத்தின் கோபத்தில் முடிவெடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது நடுவழி. 2020இல் மிச்சிகன் அணி 2 வெற்றி, 4 தோல்வி. ஜிம் ஹார்பா அதுவரை ஒஹையோ ஸ்டேட்டை ஒருமுறைகூட வென்றதில்லை. மிச்சிகன் அவரை அனுப்பவில்லை, அப்படியே விட்டுவிடவும் இல்லை. 80 லட்சம் டாலர் அளவில் இருந்த சம்பளத்தைச் சுமார் 40 லட்சமாகக் குறைத்து, ஜெயித்தால் கூடுதல் என்று ஒப்பந்தத்தை மாற்றி எழுதியது. தடுப்பாட்டப் பயிற்சியாளரை மாற்றினார்கள். அடுத்த மூன்று வருடமும் ஒஹையோ ஸ்டேட்டை வென்றார்கள். 2023இல் 15 ஆட்டங்களையும் ஜெயித்துத் தேசியப் பட்டம் வாங்கினார்கள். எதிரணியின் சைகைகளைத் திருடிய விவகாரத்தில் அந்தச் சீசனின் கடைசி மூன்று வழக்கமான ஆட்டங்களுக்கு ஹார்பா தடை செய்யப்பட்டார் என்பதையும் மறைக்கக் கூடாது. அந்தக் கறை உண்மை. ஒப்பந்தத்தை மாற்றிய முடிவு சரியானது என்பதும் உண்மை.

நோட்ர டேம் 2016இல் 4 வெற்றி, 8 தோல்வியில் விழுந்தது. அன்றைய பயிற்சியாளர் இதே கெல்லி. அவரை வைத்துக்கொண்டார்கள், தாக்குதலுக்கும் தடுப்புக்கும் உடற்பயிற்சிக்கும் புது ஆட்கள் வந்தார்கள். அடுத்த ஐந்து சீசன்களிலும் பத்துக்குக் குறையாத வெற்றிகள், இரண்டு முறை பிளேஆஃப். அன்று தடுப்பாட்டத்துக்கு வந்த மைக் எல்கோதான் இன்று ஃபிஷரின் இடத்தில் இருக்கிறார்.

நடுவழிக்கு ஒரு நிபந்தனை உண்டு: பயிற்சியாளர் சம்பளக் குறைப்புக்கு இணங்க வேண்டும். மோசமான சீசனுக்குப் பிறகு இணங்குவார். ஒன்பது ஜெயித்தவர் இணங்குவது கடினம், அவருடைய ஏஜென்ட் விடமாட்டார். ஆனால் உதவிப் பயிற்சியாளர்களை மாற்றச் சொல்ல எப்போதும் முடியும். அந்தச் செலவு பைஅவுட்டில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

எப்போது அனுப்புவது என்பதும் பணக் கேள்விதான். நெப்ராஸ்கா ஃபிராஸ்டை 2022 செப்டம்பரில் அனுப்பியபோது பாக்கி 1.5 கோடி. அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் பாதியாகியிருக்கும். டிசம்பரில் புது வீரர்களை ஒப்பந்தம் செய்ய வேண்டியிருப்பதால் சீக்கிரம் முடிவெடுக்கிறோம் என்பார்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் பயிற்சியாளர் போனதும் வீரர்களும் வேறிடம் தேடலாம். வாரிசு யாரென்று தெரியாமல் நடுச் சீசனில் நீக்கினால் காலி இடம்தான் பெருகும்.

இயக்குநரின் நாற்காலியில் நான் இருந்தால் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன்: வரப்போகிறவரின் பெயர் தெரியுமா, அவருக்குத் தேவையான வீரர்கள் பக்கத்திலேயே கிடைப்பார்களா. இரண்டுக்கும் பதில் ஆம் என்றால் ஜார்ஜியாவின் வழி. ஒன்றுக்கு இல்லை என்றாலும் உதவியாளர்களை மாற்றிவிட்டு ஆளை வைத்துக்கொள்வேன். பென் ஸ்டேட்டைச் சுற்றி நல்ல வீரர்கள் உண்டு. ஆனால் ஃபிராங்க்ளினை நீக்கிய அன்று கையில் பெயர் இல்லை. டிசம்பரில்தான் அயோவா ஸ்டேட்டிலிருந்து மாட் கேம்பல் வந்தார்.

இத்தனை பெரிய பாக்கிகள் உருவானது நீக்கிய நாளில் இல்லை. 2021 செப்டம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம், ஃபிஷர் போய்விடுவாரோ என்ற பயத்தில் அவர் ஒப்பந்தத்தை நீட்டியது. அதே நவம்பரில் பென் ஸ்டேட், முந்தைய சீசனில் 4 வெற்றி, 5 தோல்வி கண்டிருந்த ஃபிராங்க்ளினுக்குப் பத்து வருட ஒப்பந்தம் கொடுத்தது. சில நாள் கழித்து எல்எஸ்யு, கெல்லிக்குப் பத்து வருடம், 9.5 கோடி டாலர் என்று எழுதிக்கொடுத்தது. மூன்றும் ஒரே இலையுதிர்காலம். இவற்றில் பென் ஸ்டேட் மட்டும் பின்னால் பெரும்பகுதியைத் தப்பித்தது. ஃபிராங்க்ளின் வேறு வேலை தேட வேண்டும், அங்கே கிடைக்கும் சம்பளம் பாக்கியில் கழியும் என்று அதில் எழுதியிருந்தார்கள். நவம்பரில் வர்ஜீனியா டெக் அவரை எடுத்துக்கொண்டதும், 4.9 கோடியாக இருந்த பாக்கி 90 லட்சத்தில் முடிந்தது. அடுத்து ஓர் ஒப்பந்தத்தை நீட்டப்போகும் இயக்குநர், வருடங்களையும் தொகையையும் பேசுவதற்கு முன் அந்தப் பத்தியை எழுதிவிட்டு உட்காரட்டும்.